முதல் சங்கு, இரண்டாம் சங்கு



ஒண்டிப்புதூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அடுத்து வாரம் ஒரு முறையாக ஆறு வாரத்துக்குச் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. செலுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "பொறந்த கொழந்தைக்கு டி.பி. வராம இருக்கப் போடற ஊசிதானுங்களே அது? உசுரோட இருக்கற கிருமிய அப்பா ஒடம்புக்குள்ள உடறதுன்னா பயமா இருக்குங்க" என்று முடிகிறது கடிதம்.

நியாயமான பயம். இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன். அந்த மருந்தின் கதை கிண்டி வழியாகவும் திருவள்ளூர் வழியாகவும் வருகிறது. நம் கோவை சிங்காநல்லூர் மில்களின் பஞ்சுத் தூசுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்று ஒரு வகை செல் இருக்கிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், தோல் என்று எங்கும் குடியிருக்கும். செத்த செல்களையும் கிருமியையும் தூசையும் விழுங்கிச் செரிப்பது அதன் அன்றாட வேலை. 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, அதைச் சுற்றிச் செல்கள் கூடுவதைப் பார்த்தார் ரஷ்ய அறிஞர் மெச்னிகோஃப். விழுங்கும் செல்களைப் பற்றிய அறிவு அங்கேதான் தொடங்கியது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படி எதையும் விழுங்கும் செல், பக்கத்திலேயே வளரும் புற்றுச் செல்லை ஏன் விட்டுவைக்கிறது? ஆய்வுக்கூடத்துத் தட்டில் சாதாரண மேக்ரோபேஜையும் புற்றுச் செல்லையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அமெரிக்காவில் ஜான் ஹிப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களின் தொடக்கத்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். செல்லுக்குள்ளேயே தங்கி வாழும் டாக்சோபிளாஸ்மா போன்ற நுண்ணுயிர்த் தொற்றோடு நெடுநாள் இருந்த எலிகளிலிருந்து மேக்ரோபேஜ்களை எடுத்துப் புற்றுச் செல்களோடு விட்டார்கள். அவை கொன்றன. அதே தட்டில் சாதாரணச் செல்களைப் போட்டபோது பெரும்பாலும் தொடாமல் விட்டன. அந்தத் தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த எலிகளின் மேக்ரோபேஜ்கள் வேறு நிலைக்கு மாறியிருந்தன.

மாற்றியது எது என்று தேடிப் போனவர்கள் கண்டது, செல்லுக்குச் செல் அனுப்பிக்கொள்ளும் புரதச் செய்திகளை. இவற்றைச் சைட்டோகைன் என்கிறோம். அவற்றில் முக்கியமானது காமா இன்டர்ஃபெரான். டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கிருமியை அடையாளம் கண்டதும் அதைச் சுரக்கின்றன. மேக்ரோபேஜைத் தூண்டும் பொருள் அதுதான் என்பது 1983-வாக்கில் கார்ல் நேத்தன் போன்றவர்களின் ஆய்வுகளால் உறுதியானது. ஆனால் அது மட்டும் போதவில்லை. இன்டர்ஃபெரான் பட்ட மேக்ரோபேஜ் ஆயத்தமாகிறது, கொல்வதில்லை. இரண்டாவதாக இன்னொரு தூண்டல் வேண்டும். பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற பொருள், அதுவும் மிகச் சொற்ப அளவில் பட்டால்கூடப் போதும்; ஆயத்தமான செல் கொல்லத் தொடங்கிவிடும். முதல் தூண்டல் இல்லாமல் அந்தச் சொற்ப அளவு பட்டால் பெரிதாக எதுவும் நடக்காது.

நம் பகுதிப் பெரியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மில் சங்கு முதல் முறை ஊதினால் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். இரண்டாவது சங்குக்கு மிஷினடியில் நிற்க வேண்டும். மேக்ரோபேஜுக்கும் இரண்டு சங்கு ஊத வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு தவறான அழைப்பைக் கேட்டுத் தன் உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. இந்தக் கொல்லும் நிலை நெடுநாள் நிற்பதும் இல்லை, சீக்கிரமே அடங்கிவிடும்.

கொல்வது எப்படி என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்ஜினின் என்று ஒரு அமினோ அமிலம். நிலக்கடலையில், பருப்பில், முட்டையில் எல்லாம் இருப்பதுதான். தூண்டப்பட்ட மேக்ரோபேஜ் புற்றுச் செல்லைக் கொல்ல ஆர்ஜினின் தேவை என்று 1987-இல் அதே ஹிப்ஸ் காட்டினார். ஆர்ஜினினை உடைத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அது உண்டாக்குகிறது. அந்த வாயு புற்றுச் செல்லுக்குள் போய், இரும்பைச் சுமக்கும் நொதிகளைச் செயலிழக்க வைத்து, ஆற்றல் உண்டாகும் வழியை அடைக்கிறது. காமா இன்டர்ஃபெரான் கிடைத்த மேக்ரோபேஜ் போகும் பாதை இது.

இன்னொரு பாதையும் உண்டு. இன்டர்லூக்கின்-4 என்ற வேறு சைட்டோகைன் கிடைத்த மேக்ரோபேஜ், அதே ஆர்ஜினினை வேறொரு நொதியால் வெட்டி, செல்கள் பெருகவும் தழும்பு கட்டவும் தேவையான பொருள்களாக மாற்றுகிறது. காயம் ஆறுவது இப்படித்தான். செல் ஒன்று, மூலப்பொருள் ஒன்று. எந்தச் செய்தி வந்தது என்பதைப் பொறுத்து அது கொல்கிறது அல்லது கட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. எலியில் தெளிவாகத் தெரிந்த நைட்ரிக் ஆக்சைடு வழி மனித மேக்ரோபேஜில் அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதரில் டி.என்.எஃப். போன்ற புரதங்கள், ஆக்சிஜன் சார்ந்த நச்சுகள், நேரடியாக விழுங்குவது என்று மற்ற ஆயுதங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன.

புற்றுக்கட்டி இதைத்தான் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அது மேக்ரோபேஜைக் கண்டு ஓடி ஒளிவதில்லை, சி.எஸ்.எஃப்.-1 என்ற புரதத்தைச் சுரந்து தானே வரவழைக்கிறது. வந்த பிறகு இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப். பீட்டா, புரோஸ்டாகிளாண்டின் என்று அடக்கும் செய்திகளாக அனுப்புகிறது. கொல்ல வந்த செல் காயம் ஆற்றும் வேலையில் இறங்கிவிடுகிறது. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போட்டுத் தருகிறது, டி செல்களை அடக்கி வைக்கிறது. சில வகைக் கட்டிகளின் எடையில் பாதி வரைகூட இப்படி மாறிப்போன மேக்ரோபேஜ்களாக இருக்கும். ஆகவே "எதிர்ப்பு செல் குறைந்துவிட்டது, அதனால்தான் புற்றுநோய்" என்ற பேச்சு பல நேரம் பொருந்துவதில்லை. செல் இருக்கிறது. அதற்குப் போகும் செய்தி தவறாக இருக்கிறது.

இப்போது நம் மில்லுக்கு வருகிறேன். பஞ்சோடு வரும் இலைச் சருகிலும் தூசிலும் பாக்டீரியாக்கள் நிறைய. ஆகவே பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் அதைச் சீவும் கார்டிங்கிலும் பறக்கும் தூசில் எண்டோடாக்சின் இருக்கிறது. மேலே சொன்ன அதே பொருள்தான். திருச்சி ரோட்டு மில்களில் வேலை பார்த்தவர்களின் நுரையீரல் மேக்ரோபேஜ்கள் ஷிப்டு ஷிப்டாக அதை விழுங்கியிருக்கின்றன. சீனாவில் ஷாங்காய் நகர ஜவுளித் தொழிலாளிப் பெண்கள் சுமார் 2,67,000 பேரை வருடக்கணக்காகக் கவனித்துவந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. பருத்தித் தூசின் எண்டோடாக்சினை அதிகம் சுவாசித்த பெண்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது என்று 2007-இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். மேக்ரோபேஜ்கள் தொடர்ந்து தூண்டப்பட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று.

இதைப் படித்துவிட்டுப் பஞ்சுத் தூசு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே தூண்டல்தான் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கும் காரணம். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். வாரம் போகப் போகக் கொஞ்சம் தணியும். வருடங்கள் போனால் தணியாமலே நின்றுவிடும். இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்தது நம் கோவைக்குத்தான், 1955-இல். அந்த உரிமையைக் கேட்டு வாங்காமலே இருமிக்கொண்டு காலம் தள்ளிய எத்தனையோ பேரை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தூண்டப்பட்ட மேக்ரோபேஜ் புற்றுச் செல்லோடு நுரையீரலையும் சேர்த்துச் சிதைக்கும். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்பது அவ்வளவு முக்கியம்.

மருத்துவ உலகம் இந்தப் பாடத்தை டி.என்.எஃப். வழியாகக் கற்றது. 1975-இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு எலிகளுக்கு முதலில் பி.சி.ஜி. கொடுத்து, பிறகு எண்டோடாக்சின் கொடுத்தது. ஆமாம், அதே இரண்டு சங்கு. அந்த எலிகளின் ரத்தநீரை எடுத்துக் கட்டி உள்ள வேறு எலிகளுக்குச் செலுத்தினால் கட்டி கறுத்து அழுகியது. அந்த ரத்தநீரில் இருந்த பொருள்தான் டி.என்.எஃப்.; அதைப் பெருமளவில் சுரப்பது மேக்ரோபேஜ். 1984-இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். நரம்பு வழியாக நோயாளிகளுக்கு ஏற்றியபோது ரத்த அழுத்தம் சரிந்தது, காய்ச்சலில் நடுங்கினார்கள். கட்டி கரையும் அளவுக்கு மருந்தை உயர்த்த உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வழியில் அது பயன்பட்டது. கையிலோ காலிலோ கட்டி இருந்தால், அந்த உறுப்பின் ரத்த ஓட்டத்தை மட்டும் தற்காலிகமாகத் தனியே பிரித்து, அதற்குள் கீமோ மருந்தோடு டி.என்.எஃப்.-ஐச் சுழல விடுவது. வெட்டி எடுக்க வேண்டியிருந்த கால்கள் பல அப்படிப் பிழைத்தன.

மறுபக்கமும் உண்டு. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசிகள் இன்று நம் ஊரிலேயே போடுகிறார்கள். போடுவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அந்தச் சைட்டோகைனைத் தடுத்துவிட்டால், மேக்ரோபேஜ்கள் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளும்.

சிங்காநல்லூர்க்காரர்களுக்கு 2021 மே மாதம் மறக்காது. தினசரி கொரோனா தொற்றில் கோவை சென்னையைத் தாண்டிப் போன நாள்கள் அவை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. மே 30 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை போட்டுக்கொண்டு அங்கே கொரோனா வார்டுக்குள் போய்வந்தார். அந்த வார்டுகளில் மூச்சுக்குத் தவித்த பலருக்கும் நுரையீரலைக் கெடுத்ததில் வைரஸ் பாதி, அதை எதிர்த்து அடங்காமல் பொங்கிய சைட்டோகைன்கள் பாதி. மேக்ரோபேஜ்களுக்கு அதில் பெரும் பங்கு. அதனால்தான் எதிர்ப்பாற்றலை அடக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களில் பல உயிர்களைக் காப்பாற்றியது. இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசிக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள் நம் வாசகர்களிலேயே இருக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய டப்பாக்கள் கடைகளில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதைக் கூட்டுவார்கள்? காமா இன்டர்ஃபெரானையா, அதை அடக்கும் இன்டர்லூக்கின்-10-ஐயா? புற்றுநோயாளியின் வீட்டில் காசைக் கறக்கும் அந்த வார்த்தைகளுக்கு எதிராக நம் பத்திரிகை தொடர்ந்து எழுதும்.

பி.சி.ஜி. அப்படிப்பட்ட சரக்கில்லை, அம்மணி. அதற்கு நூறாண்டுச் சோதனை பின்னால் இருக்கிறது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கின் மேல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை ஒடுக்கினார்கள். 1921-இல் முதல் முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1948-இல் நம் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் வந்தது. எல்லாரும் வரவேற்றார்கள் என்றில்லை. 1955-இல் ராஜாஜியே அதை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், சுமார் 3,60,000 பேரை வைத்து உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். அந்த முடிவை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்ன நம் விஞ்ஞானிகள்மீதும், கையை நீட்டிய அந்தக் கிராமத்து மக்கள்மீதும் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

காசநோயில் இப்படிப் பாதி ஏமாற்றிய மருந்து சிறுநீர்ப்பையில் ஜெயித்தது. 1976-இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வரோ மொராலெஸ் என்ற டாக்டர் 9 நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். கட்டி திரும்ப வருவது கண்கூடாகக் குறைந்தது. வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் வந்த தொந்தரவு ஒரு வாரத்துக்குள் அடங்கியது. அவ்வளவுதான். அந்தக் கணக்கே இன்றுவரை உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது.

அப்பாவின் உடம்பில் நடக்கப்போவது இதுதான். ஒரு மெல்லிய குழாய் வழியாக மருந்து உள்ளே போகும். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிவைத்திருக்க வேண்டும். கிருமி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும்; அங்குள்ள செல்கள் அதை உள்வாங்கிச் சைட்டோகைன்களைச் சுரக்கும். முதலில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் வரும். பின்னால் மேக்ரோபேஜும் டி செல்களும் வரும். டி செல்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்க, கிருமியின் உடற்பொருள் இரண்டாவது தூண்டலாக அமைய, மேக்ரோபேஜ் மிச்சம் மீதிப் புற்றுச் செல்களின்மேல் திரும்பும். அது தனியாகச் செய்வதில்லை. பல செல்கள் சேர்ந்து செய்கிற காரியம். மருந்து போட்ட சில மணி நேரத்தில் நோயாளியின் சிறுநீரிலேயே இந்தச் சைட்டோகைன்களை அளந்து பார்க்கலாம். சிறுநீர்ப்பை ஒரு மூடிய பை என்பது இங்கே பெரிய வசதி. தூண்டல் பெரும்பாலும் அதற்குள்ளேயே நிற்கிறது. உட்படலத்தோடு பரவிக் கிடக்கும் வகையில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் புற்று முழுதாக மறைகிறது. மறையாதவர்களும் உண்டு. கட்டிக்குள் ஏற்கெனவே மனம் மாறிய மேக்ரோபேஜ்கள் நிறைய இருப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

கிண்டி ஆய்வகம் குழந்தைகளுக்கான தடுப்பூசியோடு இந்தப் புற்றுநோய் மருந்தையும் தயாரிக்கிற நிறுவனம். 2008-இல் கிண்டி, நம் மலைமேல் இருக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாசலத்தின் கசௌலி ஆகிய மூன்று அரசு ஆய்வகங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2010-இல் திருப்பிக் கொடுத்தது. 2012-இல் கனடாவின் டொராண்டோவில் பி.சி.ஜி. செய்யும் தனியார் ஆலை ஒன்றில் வெள்ளம் புகுந்து தயாரிப்பு நின்றது. அதன் பிறகு பணக்கார நாடுகளிலேயே சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகள் இந்த மருந்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொதுத்துறை ஆய்வகம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும்.

புதிய முயற்சிகளும் நடக்கின்றன. "என்னை விழுங்காதே" என்று மேக்ரோபேஜுக்குச் சொல்லும் சி.டி.47 என்ற புரதத்தைப் புற்றுச் செல்கள் மேலே போர்த்திக்கொள்கின்றன. அதை மறைக்கும் மருந்து பெரிய நம்பிக்கையோடு வந்தது. மேக்ரோலிமாப் என்ற அதன் முன்னோடி மருந்து ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகளில் பலன் தராமல் 2024-இல் கைவிடப்பட்டது. சி.எஸ்.எஃப்.-1-ஐத் தடுப்பது மூட்டுகளில் வரும் ஒரு வகைக் கட்டிக்குக் கைகொடுத்தது, மற்றவற்றில் தனியாகப் போதவில்லை. பென்சில்வேனியாவில் மேக்ரோபேஜையே வெளியே எடுத்து மரபணுவை மாற்றித் திருப்பி ஏற்றும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நான் பொறுமையோடு காத்திருக்கிறேன்.

ஒண்டிப்புதூர் வாசகிக்கு இன்னும் சில வார்த்தைகள். அப்பாவுக்கு இப்போது காசநோய் இருந்தாலோ, ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டியிருக்கும். மருந்து போட்ட அன்று எரிச்சலும் லேசான காய்ச்சலும் வருவது வழக்கம். அது மேலே சொன்ன சைட்டோகைன்களின் வேலை. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, குளிர் நடுக்கத்தோடு ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அதற்கும் மருந்து இருக்கிறது. முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் திரவம் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போய், மறுநாள் தானாகவே சரியாகிவிட்டால், சூடு என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களும், பழைய காலத்துப் பென்சிடின் சாயங்களில் கை வைத்து வேலை செய்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1895-லேயே ஜெர்மனியில் லூட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு சொன்னார். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு நம் பக்கத்திலிருந்து போய்வந்த குடும்பங்கள் பல. சிறுநீரகப் பிரிவு டாக்டர் ஒருவரிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டு அடுத்த இதழில் வெளியிடுகிறோம். உங்கள் கேள்விகளை இந்த மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்